குடியிருக்காத ஊரில் ஒரு கதவு எண்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகர் செயென். அங்கே தோம்ஸ் அவென்யூ என்ற அமைதியான தெருவில் ஒரு செங்கல் வீடு. 1,700 சதுர அடி. நம் புறநகர்களில் ஒரு குடும்பம் கொஞ்சம் தாராளமாகவே வசிக்கலாம். 2011-ல் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் அந்த வீட்டைத் தேடிப் போனபோது, அதே விலாசத்தில் 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிவாகியிருந்தன. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை எண் போட்ட தபால் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் 'சூட்' என்று பெயர். பெரிய கட்டடங்களில் அலுவலக அறைத்தொகுதியைக் குறிக்கும் சொல் அது. கடித உறை நுழையும் அகலத்துக்கு ஒரு தலைமை அலுவலகம்! அவற்றில் ஒன்று, சிறைக்குப் போன உக்ரைன் முன்னாள் பிரதமர் பாவ்லோ லசரென்கோவின் பிடியில் இருந்தது என்று அந்தச் செய்தி சொன்னது.

வயோமிங்கின் மக்கள்தொகை ஆறு லட்சத்தைத் தொடவில்லை. மாடுகள், நிலக்கரி, எண்ணெய், காற்று, இவைதான் அங்கே அதிகம். அப்படியொரு ஊரில் நிறுவனம் பதிவு செய்ய உலகத்தின் எந்த மூலையிலோ இருப்பவர்கள் வரிசையில் நிற்பானேன்? அமெரிக்க மண்ணை மிதித்தே இராத ஒருவர் தன் பெயருக்கு ஓர் எல்எல்சியை, அதாவது உரிமையாளரின் பொறுப்பு போட்ட முதலோடு நின்றுவிடும் நிறுவனத்தை, அங்கே ஒரே பகலில் தொடங்கிவிட முடிவது எப்படி? விடை செயெனில் கிடைக்காது. பனாமாவுக்குப் போக வேண்டும், அதற்கும் முன்னால் ஜெர்மனிக்கு, அதற்கும் முன்னால் 1850-களின் லண்டனுக்கு.

அன்றைய லண்டனில் கூட்டாக வியாபாரம் செய்தவர்களுக்கு ஒரு பயம் உண்டு. கடை நொடித்தால் கடன்காரன் கடையோடு நிற்க மாட்டான், வீட்டுக்குள்ளும் வருவான். பங்கு ஐந்து பவுண்டுதான் என்றாலும் பொறுப்பு கட்டியிருக்கும் கோட்டு வரை போகும். கால்வாய், ரயில்பாதை போன்ற பெரிய காரியங்களுக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு விலக்கு வாங்கலாம். சிறியவர்களுக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. பிரான்சிலோ, முதல் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கும் பங்காளிக்குப் போட்ட முதலுக்கு மேல் பொறுப்பில்லை என்ற ஏற்பாடு முன்பே இருந்தது. ஆங்கிலேய வியாபாரிகள் சிலர் கடலைத் தாண்டிப் பாரிஸில் நிறுவனம் பதிவு செய்தார்கள். தொழில் இங்கிலாந்தில், ஏடு பிரான்சில். 'நம் ஆட்கள் எதிராளி வீட்டுக்குப் போகிறார்கள்' என்ற புலம்பலும் ஒரு வாதமாகச் சேர்ந்துகொள்ள, 1855-ல் இங்கிலாந்து வரையறுத்த பொறுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு நிறுவனம் என்றாகிவிட்டது. பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று போட வேண்டும் என்ற விதி, கடன் கொடுப்பவனுக்கான எச்சரிக்கை: இங்கே ஓரளவுக்கு மேல் தேறாது, பார்த்துக் கொடு. எச்சரிக்கைப் பலகையாகப் பிறந்த அந்தச் சொல்தான் பிற்பாடு நம் பஜார்களில் அந்தஸ்தின் அடையாளமானது.

இந்த வரலாறு நெடுகிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். நிறுவனச் சட்டத்தை மாற்றியவர்கள் பெரும்பாலும் உள்ளூரில் இருந்து மனு கொடுத்தவர்கள் அல்லர். வெளியே போய்ப் பதிவு செய்தவர்கள்.

ஜெர்மனி இதில் வேறு வழியில் போனது. பெரிய பங்கு நிறுவனங்களில் மோசடி பெருகியதால் 1884-ல் அந்தச் சட்டத்தை இறுக்கினார்கள். இறுக்கிய பிறகு நடுத்தர வியாபாரிக்குப் பொருந்தும் சட்டை எதுவும் கடையில் இல்லை. அதற்காக வழக்கறிஞர்கள் மேசையில் உட்கார்ந்து புதிதாக ஒன்றைத் தைத்தார்கள். 1892 ஏப்ரல் 20-ஆம் தேதியிட்ட அந்தச் சட்டம் தந்த வடிவத்துக்கு 'கெஎம்பெஹா' என்று பெயர். குறைந்த முதல் 20,000 மார்க். பங்குச் சந்தையில் விற்க முடியாது. நாலைந்து பேர் கூடி நடத்தலாம். பொறுப்பு போட்ட முதலோடு சரி. பழக்கத்திலிருந்து வளராமல் காகிதத்திலேயே பிறந்த இந்த வடிவம் உலகம் சுற்றியது. போர்ச்சுகல் 1901-ல் எடுத்துக்கொண்டது, ஆஸ்திரியா 1906-ல், பிரேசில் 1919-ல், பிரான்ஸ் 1925-ல். லத்தீன் அமெரிக்காவில் அதற்கு 'லிமிடாடா' என்று பெயர் விழுந்தது. பனாமாவின் கைக்கும் அது வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு கடை திறந்திருந்தது.

அங்கே நிறுவனச் சட்டம் மாநிலத்தின் கையில். ஆகவே மாநிலங்களுக்குள் போட்டி வைக்கலாம். இதை முதலில் புரிந்துகொண்டது நியூஜெர்சி. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் பங்கை வைத்துக்கொள்ளலாம் என்று 1889-ல் அது அனுமதித்தது. 1896-ல் சட்டத்தை மேலும் தளர்த்தியது. ஜேம்ஸ் டில் என்ற வழக்கறிஞர் இந்த ஏற்பாட்டின் மூளை. நிறுவனங்களின் சார்பாக விலாசம் தந்து, பெயர்ப்பலகை மாட்டி, ஏடு பராமரிக்கும் தொழிலும் 1890-களில் அங்கேதான் முறையாகத் தலையெடுத்தது. ஸ்டாண்டர்ட் ஆயிலும் யு.எஸ். ஸ்டீலும் நியூஜெர்சிக் குழந்தைகளாயின. பதிவுக் கட்டணத்தில் மாநிலத்தின் கடன் அடைந்தது. லிங்கன் ஸ்டெஃபென்ஸ் என்ற பத்திரிகையாளர் 1905-ல் நியூஜெர்சியைத் துரோகி மாநிலம் என்று தலைப்பிலேயே திட்டி எழுதினார். மாநிலத்துக்கு வலித்ததாகத் தெரியவில்லை.

வலித்தது ஆளுநர் உட்ரோ வில்சனுக்கு. 1913-ல், அதிபராக வாஷிங்டன் போவதற்குச் சில நாட்கள் முன்பு, ஏகபோகத்துக்குக் கடிவாளம் போடும் ஏழு சட்டங்களில் கையெழுத்திட்டார். 'ஏழு சகோதரிகள்' என்று அவற்றுக்குப் பெயர். ஏழு சகோதரிகள் வீட்டுக்குள் நுழைந்ததும் விருந்தாளிகள் பெட்டியைக் கட்டினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் டெலவேர் கதவைத் திறந்து வைத்திருந்தது. நியூஜெர்சிச் சட்டத்தை ஒட்டி 1899-லேயே தன் சட்டத்தை எழுதி, கட்டணத்தை இன்னும் குறைவாக வைத்திருந்த மாநிலம் அது. மூன்றே மாவட்டங்கள் கொண்டது. சில ஆண்டுகள் கழித்து நியூஜெர்சி தன் சகோதரிகளை வெளியே அனுப்பியும் போனவர்கள் திரும்பவில்லை. இன்று டெலவேரின் மக்கள்தொகை பத்து லட்சத்தைச் சற்றே தாண்டும். அங்கே பதிவான நிறுவனங்கள் இருபது லட்சத்துக்கு மேல். ஆளுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம், கைக்குழந்தை உட்பட.

டெலவேரின் சட்டத்தைப் பார்த்து எழுதியவர்களில் பனாமாவும் உண்டு. கால்வாய் 1914-ல் திறந்தாயிற்று. கடந்துபோகும் கப்பலிடம் அமெரிக்கா கட்டணம் வாங்குவதைப் பார்த்துப் பழகிவிட்டது. வராத கப்பலிடமும் வாங்கலாமே என்று தோன்றியதில் வியப்பில்லை. 1922-ல் ரிலையன்ஸ், ரெசல்யூட் என்ற இரண்டு அமெரிக்கப் பயணிகள் கப்பல்கள் பனாமாக் கொடிக்கு மாறின. காரணம் கடல் வாணிபத்தின் நுட்பம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு, பனாமாக் கொடி பறந்தால் கப்பலில் மது விற்கலாம். கொடியை வாடகைக்கு விட்ட நாடு, 1927-ல் 32-ஆம் எண் சட்டத்தின் மூலம் நிறுவன ஏட்டையும் வாடகைக்கு விட்டது. யாரும் தொடங்கலாம், எங்கே இருந்தாலும் தொடங்கலாம், வெளிநாட்டில் சம்பாதித்ததற்கு உள்ளூரில் வரி இல்லை.

ஆக, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பனாமாவின் அலமாரியில் இரண்டு சரக்குகள் இருந்தன: வடக்கிலிருந்து வந்த டெலவேர் மாதிரி, ஜெர்மனியிலிருந்து சுற்றி வந்த லிமிடாடா. இரண்டாவதைத்தான் ஓர் எண்ணெய் நிறுவனம் தூசு தட்டி எடுத்தது.

ஹாமில்டன் பிரதர்ஸ், டென்வர் நகரத்தைச் சேர்ந்தது. வடகடலில் பிரிட்டனின் பங்கிலிருந்து முதன்முதலாக எண்ணெய் எடுத்தது இவர்களின் ஆர்கைல் வயல், 1975-ல். ஆழ்கடலில் துளை போடும் தொழிலில் இரண்டு கவலைகள். துளை வறண்டு போனால் அந்த நட்டத்தை முதல் போட்டவர்கள் தங்கள் சொந்த வருமானத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பார்ட்னர்ஷிப்பாக இருப்பது வசதி. துளை வெடித்துவிட்டாலோ, கடன் வீடு வரை வரக்கூடாது. அதற்கு லிமிடெட் நிறுவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் இரண்டும் ஒரே கூரையில் கிடைக்காது. பனாமாவின் லிமிடாடாவில் கிடைத்தது. உள்ளே பங்காளிகள், வெளியே கவசம். வெளிநாட்டுத் தொழிலுக்கு அவர்கள் அதைப் பயன்படுத்திவந்தார்கள். ஒவ்வொரு முறையும் பனாமாவுக்குப் போவதற்குப் பதில், இதையே வீட்டுப் பக்கம் கொண்டுவந்தால் என்ன?

இங்கே ஒரு மருத்துவர் குறுக்கே வருகிறார். மொண்டானா மாநிலம் மிசூலா ஊரில் ஆர்தர் கிண்ட்னர் என்ற மருத்துவரும் சகாக்களும் ஒரு மருத்துவமனை நடத்தினார்கள். மருத்துவர்கள் நிறுவனமாகப் பதிவு செய்ய மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் ஓய்வூதியத் திட்டத்தின் வரிச்சலுகை நிறுவன ஊழியர்களுக்குத்தான். ஆகவே தங்கள் கூட்டு, பெயருக்குப் பார்ட்னர்ஷிப் ஆனாலும் வரிக்கு நிறுவனமே என்று வாதாடி 1954-ல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். வருமான வரித் துறைக்குக் கோபம். இனி எவரும் இப்படித் தப்பக்கூடாது என்று 1960-ல் விதி எழுதியது. நிறுவனத்துக்கு நான்கு லட்சணங்கள்: வரையறுத்த பொறுப்பு, உறுப்பினர் செத்தாலும் தொடரும் ஆயுள், பங்கை விருப்பம்போல் கைமாற்றும் உரிமை, நிர்வாகம் ஓரிடத்தில் குவிந்திருப்பது. நான்கில் குறைந்தது மூன்று இருந்தால்தான் அது நிறுவனம், இல்லையென்றால் பார்ட்னர்ஷிப். மருத்துவர்களைப் பார்ட்னர்ஷிப் பக்கம் தள்ளவே தராசைச் சாய்த்து வைத்தார்கள்.

பூனைக்கு வைத்த பொறியில் எலி குடித்தனம் நடத்தியது. ஹாமில்டனின் ஆலோசகர்கள் அந்த நான்கையும் எதிரே வைத்துக்கொண்டு ஒரு சட்ட வரைவை எழுதினார்கள். பொறுப்பு வரையறுக்கப்படும், சரி. ஆனால் உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டாலொழிய நிறுவனம் கலையும். எல்லாரும் சம்மதித்தாலொழிய பங்கு வாங்கியவர் முழு உறுப்பினராக முடியாது. இரண்டு லட்சணங்கள் வேண்டுமென்றே ஊனம். மீதி இரண்டை வைத்துக்கொண்டு நிறுவனம் என்று யாரும் சொல்ல முடியாது.

வரைவை முதலில் அலாஸ்காவுக்கு எடுத்துப் போனார்கள். 1975-லும் 1976-லும் அங்கே நிறைவேறவில்லை. பிறகு வயோமிங். அங்கே எதிர்ப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மாநிலத்துக்குச் செலவில்லாத சட்டம், கேட்பது நாலு காசு வரக்கூடிய எண்ணெய் நிறுவனம், வேண்டாம் என்பதற்குக் காரணமும் இல்லை. 1977 மார்ச் 4-ல் சட்டமாயிற்று. அமெரிக்காவின் முதல் எல்எல்சி சட்டம் இப்படி ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக, பனாமாவின் சரக்கை உள்ளூர் அளவுக்கு வெட்டித் தைத்தது. நிபுணர் குழு, பொது விவாதம் எதுவும் இதன் பின்னால் இல்லை. இன்று உலகமே அமெரிக்காவின் தனிச் சிறப்பாக நினைக்கும் ஒரு வடிவம், பிறப்பால் இறக்குமதிச் சரக்கு.

பிறந்த குழந்தைக்குப் பத்தாண்டு மூச்சுத் திணறல். மாநிலம் சட்டம் போட்டாலும் வருமான வரித் துறை பார்ட்னர்ஷிப் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. 1980 நவம்பரில் அந்தத் துறை செய்த காரியத்தைப் பார்த்தால் ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியவில்லை என்றுதான் தோன்றும். ஹாமில்டனுக்கு மட்டும் தனிக் கடிதத்தில் சரி என்று சொன்னது. ஏறத்தாழ அதே நாட்களில், எந்த உறுப்பினருக்கும் சொந்தப் பொறுப்பு இல்லாத அமைப்பு எதுவும் பார்ட்னர்ஷிப் ஆகாது என்று புதிய விதியை முன்மொழிந்தது. அந்த விதியைப் பிறகு கைவிட்டார்கள். ஆனால் தெளிவாகச் சரி என்றும் சொல்லவில்லை. 1982-ல் ஃபுளோரிடா, லத்தீன் அமெரிக்க முதலீட்டாளர்களுக்குப் பழகிய வடிவமாயிற்றே என்ற கணக்கில், தானும் ஒரு சட்டம் போட்டது. அப்போதும் ஆள் வரவில்லை. வரி எப்படி விழும் என்று தெரியாத வீட்டில் எவர் குடியேறுவார்? 1988 செப்டம்பரில் துறை பொதுவாக அறிவித்தது: வயோமிங்கின் எல்எல்சி, வரிக்குப் பார்ட்னர்ஷிப். அணை உடைந்தது. 1990-க்குப் பிறகு மாநிலங்கள் ஒன்றையொன்று முந்திச் சட்டம் போட்டன, டெலவேர் 1992-ல். 1997 ஜனவரி 1 முதல் நான்கு லட்சணக் கணக்கையே தூக்கிப்போட்டுவிட்டு, நிறுவனமா பார்ட்னர்ஷிப்பா என்பதை நீயே ஒரு கட்டத்தில் டிக் செய்துகொள் என்று துறை சொல்லிவிட்டது. ஒற்றை ஆள் வைத்த எல்எல்சி என்றால், வரிக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது; வருமானம் நேராக உரிமையாளருடையது.

அந்த உரிமையாளர் அமெரிக்காவில் இல்லாதவராக, அமெரிக்காவில் தொழில் நடத்தாதவராக இருந்தால்? கண்ணுக்குத் தெரியாத நிறுவனம், எல்லைக்கு வெளியே உரிமையாளர். பல சமயங்களில் அமெரிக்கா அங்கே வரி கேட்கவே வழியில்லை. யாரும் திட்டமிட்டுத் திறக்காத கதவு இது. திறந்து கிடந்ததை உலகம் கண்டுபிடித்தது.

இந்தத் தந்திரத்துக்கு அமெரிக்கா முதல் ஊர் அன்று. பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் 1906-லேயே ஒரு கேள்வியைச் சந்தித்தன: நிறுவனம் எங்கே வசிக்கிறது? தென்னாப்பிரிக்க மண்ணில் பதிவாகி, அங்கேயே வைரம் தோண்டிய டி பியர்ஸ், லண்டனில் வசிக்கிறது என்று தீர்ப்பாயிற்று. தலை இருக்கும் இடம்தான் வீடு, முக்கிய முடிவுகளை எடுக்கும் இயக்குநர்கள் லண்டனில்தான் கூடுகிறார்கள் என்பது வாதம். அந்த வாதத்தைப் புரட்டிப் போட்டது 1929-ல் வந்த இன்னொரு தீர்ப்பு. எகிப்தில் நிலம் வைத்திருந்த ஒரு நிறுவனம் லண்டனில் பதிவானது; ஆனால் நிர்வாகத்தை கெய்ரோவுக்கு மாற்றிவிட்டது. லண்டனில் மிஞ்சியது சட்டம் கேட்ட விலாசமும் உறுப்பினர் ஏடும் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு செயலாளரும் மட்டுமே. தலை அங்கே, பலகை இங்கே. ஆகவே இங்கே வரி இல்லை என்றது பிரபுக்கள் சபை. லண்டனில் விலாசம், லண்டனில் வரி இல்லை. பேரரசின் தீவுகளுக்கு இது நல்ல பாடம்.

அந்தத் தீவுகளில் ஒன்றான பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் 1984-ல் சர்வதேச வியாபார நிறுவனச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஒரு நெருக்கடி முன்னால் நின்றது. அமெரிக்காவுடனான இரட்டை வரி ஒப்பந்தம் ரத்தாகி, அதை நம்பியிருந்த தொழில் படுத்துவிட்டது. உள்ளூர் வழக்கறிஞர்கள் சிலரும் நியூயார்க் வழக்கறிஞர் ஒருவரும் கூடி டெலவேர் வாடையுள்ள ஒரு சட்டம் எழுதினார்கள். 1980-களின் இறுதியில் பனாமாவில் ராணுவ ஆட்சியாளர் நொரியேகாவை ஒட்டிய கலவரம் வலுக்க, அங்கே இருந்த வியாபாரம் தீவுகளுக்குத் தாவியது. பனாமாவின் ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்து 2016-ல் வெளியான 'பனாமா ஆவணங்களில்' கண்ட 2,14,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளில் பாதிக்கு மேல் இந்தத் தீவுகளில் பதிவானவை. பழி மட்டும் பனாமாவின் பெயருக்கு. பனாமாக்காரர்களுக்கு இதில் இன்றுவரை வருத்தம் உண்டு; ஓரளவு நியாயமான வருத்தம்தான்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் வெளிநாட்டில் நிறுவனம் தொடங்குவோர் எல்லாரும் பணத்தை ஒளிப்பவர்கள் என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. ஐரோப்பாவில் நிறுவனச் சட்டத்தைப் புரட்டிப் போட்டவர்கள் சாதாரண டேனிஷ் தம்பதியர். 1992-ல் அவர்கள் இங்கிலாந்தில் சென்ட்ரோஸ் என்று ஒரு லிமிடெட் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். முதல் 100 பவுண்டு, அதையும் கட்டவில்லை. விலாசம், அங்கே இருந்த ஒரு நண்பரின் வீடு. இங்கிலாந்தில் ஒரு நாளும் வியாபாரம் செய்யவில்லை. டென்மார்க்கில் கிளை திறக்கப் போனபோது பதிவு அலுவலகம் மறுத்தது: உள்ளூரில் நிறுவனம் தொடங்கினால் இரண்டு லட்சம் குரோனர் முதல் வேண்டும், அதைத் தட்டிக்கழிக்கத்தானே இந்த வேலை? ஆமாம், அதற்காகத்தான் என்று அவர்களும் மழுப்பாமல் சொன்னார்கள். 1999 மார்ச் 9-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தம்பதியர் பக்கம் நின்றது. விதி தளர்வாக உள்ள நாட்டில் தொடங்குவது, தன்னளவில், உரிமையைத் துஷ்பிரயோகம் செய்வதாகாது என்றது.

அடுத்து நடந்தது ஜெர்மனியில். கெஎம்பெஹாவை உலகுக்குக் கொடுத்த நாட்டின் தச்சர்களும் முடி திருத்துவோரும் 25,000 யூரோ முதல் கட்டச் சங்கடப்பட்டு, இங்கிலாந்துக்குப் போகாமலே அங்கே ஆயிரக்கணக்கில் 'லிமிடெட்' பதிவு செய்தார்கள். பெரிய கடைத்தொடரான முல்லரும் தன் அமைப்புக்குள் ஓர் ஆங்கில லிமிடெட்டை வைத்திருந்தது. தன் பிள்ளைகள் அடுத்த வீட்டில் சாப்பிடுவதைச் சகிக்காத ஜெர்மனி, 2008 நவம்பரில் ஒரு யூரோ முதலில் தொடங்கக்கூடிய சின்ன கெஎம்பெஹாவைக் கொண்டுவந்தது. 1855-ல் லண்டன் செய்தது இதைத்தான். பிற்பாடு பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், ஜெர்மனியில் மிச்சமிருந்த லிமிடெட்காரர்கள் காலடியில் கம்பளம் உருவப்பட்டது. 2021 தொடக்கத்திலிருந்து அவர்களின் கவசத்தை ஜெர்மன் சட்டம் மதிக்கவில்லை. கடன் மறுபடி வீட்டு வாசலுக்கு வந்தது.

எஸ்டோனியா ரகசியத்தை விற்காமல் வசதியை விற்றது. 13 லட்சம் மக்கள் உள்ள நாடு, குடிமக்களுக்கு மின்னணுக் கையொப்பம் பழக்கமாகிவிட்டது. அதையே வெளியாளுக்கும் கொடுத்தால் என்ன என்று அரசு அதிகாரிகள் சிலருக்குத் தோன்றியது. 2014 டிசம்பர் 1-ல் மின்வசிப்பிடத் திட்டம் தொடங்கியது. முதல் அட்டை பிரிட்டிஷ் பத்திரிகையாளர் எட்வர்ட் லூகாஸுக்கு. விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, சில்லு பதித்த அட்டையைத் தூதரகத்தில் வாங்கிக்கொண்டால், உலகின் எங்கிருந்தும் 'ஓசா உஹிங்' எனும் எஸ்டோனிய லிமிடெட்டைத் தொடங்கலாம். லாபத்தைப் பங்கிட்டு எடுக்கும்வரை வரி இல்லை. 2025-க்குள் ஒரு கோடிப் பேர் என்று ஆரம்பத்தில் கனவு கண்டார்கள். ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வந்தார்கள். இடையில் 2017-ல் அட்டையின் சில்லிலேயே பாதுகாப்பு ஓட்டை தெரியவந்து, அட்டைகளை முடக்கிப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய அடி வங்கியிடமிருந்து வந்தது. டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ வெளிநாட்டார் பணம் போயிருந்தது அம்பலமானது. மின்வசிப்பாளருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சூடு கண்ட வங்கிகள், நாட்டில் இல்லாதவர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டன. நிறுவனம் சீக்கிரமே கிடைத்துவிடும். கணக்கு கிடைப்பது அவரவர் பாடு.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், காகிதத்தில் டெலவேர் நிறுவனம். 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் மணி அடித்தது அந்த டெலவேர் பதிவுதான். முதலீட்டாளர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டியவர்கள் இப்படி முழு நிறுவனமாகவே பதிகிறார்கள். முதலீடு வேண்டாத தனி ஆட்கள், ஆப் எழுதுபவர்கள், வடிவமைப்பாளர்கள், அமேசானில் சரக்கு விற்பவர்கள் எல்எல்சிக்குப் போகிறார்கள். இந்திய வருமான வரிச் சட்டமும் தூங்கவில்லை. நிறுவனம் எங்கே பதிவானாலும், அதை நடத்தும் தலை இந்தியாவில் இருந்தால் வரிக்கு அது இந்தியாவில் வசிக்கும் நிறுவனம்தான் என்ற விதி, சிறியவற்றுக்கு விலக்கோடு, சில ஆண்டுகளாக நடப்பில் உள்ளது. 1906-ன் வைரக் கம்பெனித் தீர்ப்பு வேளச்சேரி வரை வந்துவிட்டது.

வேளச்சேரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வெளிநாட்டாருக்கு வலைத்தளம் செய்துகொடுக்கும் ஒருவர் என்றே வைத்துக்கொள்வோம். வயோமிங் பதிவுக்கு நூறு டாலர் சொச்சம், ஆண்டுக்கு அறுபது. அந்த மாநிலத்தில் தெரு விலாசத்தோடு ஒரு பதிவு முகவர் கட்டாயம்; அது தனிச் செலவு. உரிமையாளர் பெயரை மாநிலம் கேட்பதில்லை. படிவம் ஒரு பக்கம். மாலைக்குள் சான்றிதழ் பிடிஎஃப் ஆக வந்துவிடும். அடுத்தது அமெரிக்க வருமான வரித் துறையின் நிறுவன எண். அமெரிக்கர்கள் இணையத்தில் சில நிமிடங்களில் வாங்கிக்கொள்ளும் அந்த எண்ணை, அங்கே வரி எண் இல்லாதவர் தொலைபேசியிலோ தபாலிலோ ஃபேக்ஸிலோதான் கேட்க முடியும். எஸ்எஸ்-4 என்ற படிவத்தில் உரிமையாளரின் எண் கேட்கும் கட்டத்தில் 'ஃபாரின்' என்று எழுதி ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். சென்னையில் ஃபேக்ஸ் எந்திரத்தை எங்கே போய்த் தேடுவது? அதற்கும் இணையத்தில் காசு வாங்கிக்கொண்டு அனுப்பித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு படிவமும் உண்டு. பலர் அதை அபராதம் வந்த பிறகே கேள்விப்படுகிறார்கள். வெளிநாட்டவர் ஒருவரே வைத்திருக்கும் எல்எல்சி, உரிமையாளருக்கும் அதற்கும் இடையே ஒரு டாலர் கைமாறினாலும், வரி இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் 5472 என்ற படிவத்தைத் தர வேண்டும். 2017 முதல் நடப்பில் உள்ள விதி. தவறினால் 25,000 டாலர். அறுபது டாலர் நிறுவனத்துக்கு.

உரிமையாளர் யார் என்று அமெரிக்க மத்திய அரசிடம் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தையும் 2021-ல் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி முதல் பதிவும் தொடங்கியது. வழக்கு மேல் வழக்கு நடந்து, 2025 மார்ச்சில் நிதித் துறை விதியை மாற்றியது: அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனங்கள் சொல்ல வேண்டியதில்லை, வெளிநாட்டில் தொடங்கி அமெரிக்காவில் தொழில் செய்யப் பதிவு செய்தவை மட்டும் சொன்னால் போதும். நம் வேளச்சேரிக்காரர் இந்தக் கணக்கில் அமெரிக்கப் பக்கம். செயென் பெட்டிக்குள் இருக்கும் அவருடைய எல்எல்சி உள்நாட்டு நிறுவனம்.

சில வாரங்களில் எண் வருகிறது. இனி வங்கிக் கணக்கு. இணையத்தில் விண்ணப்பம், நிறுவனத்தின் பெயர், சான்றிதழ், எண் எல்லாம் சரி. விலாசம் என்ற இடத்தில் முகவர் தந்த செயென் விலாசத்தைப் போட்டால், அது முகவரின் விலாசம் என்று கணினியே திருப்பி அனுப்பிவிடுகிறது. நீங்கள் வசிக்கும் இடத்துக்குச் சான்று வேண்டும், மூன்று மாதத்துக்குள் வந்த ஏதாவது ஒரு பில். அவர் எழுந்து போய், அலமாரியில் இருந்து மின்வாரிய ரசீதை எடுத்துப் படம் பிடிக்கிறார்.